யாருக்காக எழுதுகிறேன்?

பதினான்கு வயதில், பாடசாலையில் இருந்த ஒரேயொரு கணினியின் முன் அமர்ந்து, ஒன்று முதல் நூறு வரையான எண்களைக் கூட்டும் நிரலொன்றை 'பேசிக்' மொழியில் எழுதினேன். திரையில் 5050 என்ற விடை தோன்றியபோது நான் அடைந்த பரவசம் இன்றும் நினைவில் உண்டு. விஞ்ஞானம் பயிலாத மாணவரும் கணினியைக் கையாள வேண்டும் என்ற நோக்குடன், 1964இல் அமெரிக்கக் கல்லூரியொன்றின் பேராசிரியர் இருவர் ஆக்கிய மொழி அது.

அந்த ஆனந்தமே பின்னர் என் தொழிலாயிற்று. கொழும்புக் கம்பனியொன்றில், கடல் கடந்த வாடிக்கையாளருக்காகப் பத்தாண்டுகள் நிரல் எழுதினேன். பெரியதொரு வேலை துண்டு துண்டாக்கப்பட்டு, அதில் ஒரு துண்டு என் மேசைக்கு வரும். முடித்த துண்டுகளும் செலவான மணித்தியாலங்களும் கணக்கில் ஏறும். அவை யாருக்குப் பயன்படுகின்றன என்பதை நான் அறியேன். நாளடைவில் கணினியைத் திறக்கவே மனம் கூசியது. என் சோம்பலே காரணமென்று என்னையே நொந்துகொண்டேன்.

சென்ற ஆண்டு விடுமுறையில் வன்னிக்குப் போயிருந்தேன். ஆசிரியையான என் அக்கா, அடுத்த தவணைக்கான நேரசூசியைப் பென்சிலும் அழிறப்பருமாகத் தயாரித்துக்கொண்டிருந்தார். வகுப்பொன்றுக்கு வாரத்தில் 40 பாடவேளைகள். கணிதத்துக்கு இருவரே ஆசிரியர். ஆங்கில ஆசிரியரோ புதனும் வியாழனும் மட்டுமே வருபவர்.

"ஒரு பக்கத்தைச் சரிக்கட்ட மற்றப் பக்கம் குழம்புது, தம்பி" என்றார்.

அன்றிரவே எழுதத் தொடங்கினேன். ஒரு பாடத்தை ஓரிடத்தில் வைப்பது. முரண்பட்டால் ஓரடி பின்வாங்கி வேறிடம் தேடுவது. நிரலின் சாரம் இவ்வளவே. மூன்றாம் நாள் விடியலில், முரண் எதுவுமற்ற நேரசூசி கிடைத்தது. அக்கா அதைக் கூர்ந்து நோக்கி, "சின்னப் பிள்ளையளுக்குக் கடைசிப் பாடமாய்க் கணக்கைப் போடாதை" என்றார். பயன்படுத்தும் ஒருவரின் வாயிலிருந்து, பத்தாண்டுகளில் நான் கேட்ட முதற் குறை அது. மகிழ்ச்சியோடு திருத்தினேன்.

இது என் தனி அனுபவம் அன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரைகளை அழித்தபின், இந்நாட்டு நிரலாளர்கள் தொண்டர்களாகத் திரண்டு, காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்வதற்கான நிரலை ஆக்கினர். சிங்களத்தில் நிவாரணம் எனப் பொருள்படும் 'சகன' என்று பெயரிட்டு, எவரும் பயன்படுத்தவும் திருத்தவும் அதனைத் திறந்துவிட்டனர். அவர்களை இயக்கிய ஆற்றல் எதுவென்பது எனக்கு இப்போதுதான் விளங்குகின்றது.

விடுமுறை முடிந்ததும் மீண்டும் அதே மேசை, அதே துண்டுகள். ஆயினும் என்னை நான் நொந்துகொள்வதில்லை. எனக்குச் சலித்தது நிரலாக்கம் அன்று. பயன்கொள்ளும் மனிதரிடமிருந்து பிரிக்கப்பட்ட உழைப்பே சலித்தது. தவணைதோறும் அக்காவின் பாடசாலை நேரசூசி இப்போது என் பொறுப்பு.