தண்டவாளம் போன வழி

தம்பின் ரயில் நிலையம் தம்பினில் இல்லை. தம்பின் ஊர் நெகிரி செம்பிலானைச் சேர்ந்தது; நிலையம் இருப்பதோ மலாக்கா எல்லைக்குள், புலாவ் செபாங்கில். இப்போது பலகையில் இரண்டு பெயரையும் எழுதி வழக்கைத் தீர்த்துவிட்டார்கள். 1905-இல் இங்கிருந்து மலாக்கா பட்டணம் வரை ஒரு கிளைப்பாதை போட்டார்கள், ஏறத்தாழ 21 மைல். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1896-இல், டான் சே யான் என்ற மலாக்கா சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டிருந்தார். மலாயாவில் வணிகத்துக்கென்று நட்ட முதல் ரப்பர் தோட்டங்களில் அது ஒன்று. பிறகு தோட்டங்கள் பெருகின, பால் மரம் சீவ நம் ஆட்கள் கப்பலேறி வந்தார்கள்.

அந்தக் கிளைப்பாதை நாற்பது வயதைக்கூட எட்டவில்லை. சிரம்பானிலிருந்து தனியாகச் சைக்கிள் மிதித்து வந்து, புலாவ் செபாங்கில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, இல்லாத அந்தப் பாதையோடு மலாக்கா வரை போவது என் திட்டம். ரயில் போன தடத்தை அப்படியே பிடிக்க முடியாது. செம்பனையும் தாமான் வீடுகளும் அதை விழுங்கிவிட்டன. தார்ச்சாலையைத்தான் நம்ப வேண்டும்.

சைக்கிளில் இந்தப் பக்கம் வருகிறவன் ஜப்பான்காரனை நினைக்காமல் இருக்க முடியாது. 1941 டிசம்பரில் வடக்கே இறங்கிய அவன் படையில் பலர் தெற்கே வந்தது சைக்கிளில். டயர் வெடித்தாலும் நிற்கவில்லை, வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். இராத்திரியில் அந்தச் சத்தத்தை டாங்கி வருகிறது என்று நினைத்து எதிரிப் படை மிரண்டதாகச் சொல்வார்கள். 1942 ஜனவரி நடுவில் மலாக்கா விழுந்தது. அப்புறம் இந்தக் கிளைப்பாதையின் தண்டவாளத்தைப் பெயர்த்து, சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதைக்குக் கொண்டுபோனார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களையும் பல்லாயிரக்கணக்கில் அங்கேதான் கொண்டுபோனார்கள். சோறு கிடைக்கும் என்று நம்பிப் போனவர்கள் உண்டு, லாரியில் பிடித்துப் போட்டுக் கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. காலராவிலும் மலேரியாவிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. தண்டவாளம் போனதைப் பற்றி மலாக்காவில் இன்றைக்கும் பேசுவார்கள், ஆள் போனதைப் பற்றிப் பேச அந்தந்தக் குடும்பம்தான் இருக்கிறது.

காடேக் பக்கம் வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு. அதைத் தாண்டி, செம்பனைக்கு நடுவே ஒரு லயம், வரிசை வீடுகள். வெளியே துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பாட்டியிடம் தண்ணீர் கேட்டேன். போத்தலை வாங்கிக்கொண்டார். உள்ளே போகவில்லை.

"எந்த எஸ்டேட்டுப்பா நீ?"

தண்ணீர் இதற்குப் பிறகுதான் வரும். நான் பட்டணத்தில் பிறந்தவன், எனக்கு எஸ்டேட் கிடையாது. அதைச் சொன்னால் போதாது. அப்பா எங்கே, தாத்தா எங்கே என்று கேள்வி மேலே ஏறிக்கொண்டே போகும். தாத்தா ஜாசின் பக்கம் பால் மரம் சீவியவர் என்றதும் பாட்டி முகம் தெளிந்தது. "அங்க என் நாத்தனாரு இருந்தாங்க. இப்ப அந்த லயமே இல்ல. சரி, உக்காரு, சோறு இருக்கு."

தனியாகச் சைக்கிளில் சுற்றுகிறவர்கள், முகம் தெரியாதவர்கள் காட்டும் அன்பைப் பற்றி நிறையச் சொல்வார்கள். எனக்கு அதில் கொஞ்சம் சந்தேகம் உண்டு. தோட்டத்து ஆட்கள் முகம் தெரியாதவனுக்குச் சோறு போடுவதில்லை. முதலில் அவனைத் தெரிந்தவனாக்கிக்கொள்கிறார்கள், அதற்கு ஒரு நாத்தனார் போதும். பத்து லயத்து ஆள் பத்து ஊரிலிருந்து வந்து ஒரே பிரட்டுக் களத்தில் விடிகாலையில் பேர் கொடுக்க நின்ற இடத்தில், உறவை இப்படித் தேடித்தான் உண்டாக்கியிருக்க வேண்டும்.

தேடும் வேலை இப்போது கடினம். ஐம்பதுகளில் தொடங்கிய தோட்டத் துண்டாடலில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் நிலத்தைக் கூறு போட்டு விற்றன. அதைத் தடுக்கத்தான் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்திலேயே தோட்டம் வாங்க வைத்தார். அதற்குள்ளும் அதற்குப் பிறகும் கைமாறிய தோட்டங்கள் பல. ரப்பர் செம்பனையானது, செம்பனை தாமானானது. எஸ்டேட் பெயர் இன்று பல இடங்களில் தமிழ்ப்பள்ளிப் பலகையில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பாட்டி கட்டிக்கொடுத்த நெத்திலிச் சம்பலோடு அலோர் காஜா. நுழையும்போதே பின் டயர் போனது. சீனர் ஒருவர் கடையில் டியூப் மாற்றினார். எந்த எஸ்டேட் என்று கேட்கவில்லை. கூலி வேண்டாம் என்றார், டியூப்புக்கு மட்டும் முழு விலை வாங்கினார். அந்தக் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.

வெயில் ஏற ஏற, தூரத்தைப் பற்றிய பெருமை குறைந்துகொண்டே வந்தது. 1967-இல் இதே மாநிலத்தின் புக்கிட் அசகான் தோட்டத்துத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூருக்கு நடந்தே போனார்கள். கியர் வைத்த சைக்கிளில் உட்கார்ந்துகொண்டு முழங்கால் வலிக்கிறது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

செங் வந்ததும் காற்றே வேறு. இங்கேதான் சன்னாசிமலை ஆண்டவர் கோயில். மாசி மகத்தன்று பட்டணத்துப் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து முருகன் வெள்ளித் தேரில் கிளம்பி இங்கே வருவார். அன்றைக்கு வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், மோர், சோறு. யாரும் யாரையும் எஸ்டேட் கேட்பதில்லை, கூட்டத்தில் கேட்க நேரமும் இல்லை. நான் போனது சாதாரண நாள். கோயில் திண்ணையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார், நானும் பக்கத்தில் காலை நீட்டினேன். கேள்வியும் இல்லை, சோறும் இல்லை.

அந்தத் தேரின் வழியை எதிர்த்திசையில் மிதித்தால் பட்டணம். துக்காங் எமாஸ் தெருவில் பொய்யாத விநாயகர். டச்சுக்காரர் கொடுத்த மனையில் 1781-இல் சிட்டிகள் கட்டிய கோயில். நிர்வாகம் இப்போது நகரத்தார் கையில், நிலம் சிட்டிகளுடையது. சுல்தான் காலத்திலேயே வாணிபத்துக்கு வந்து இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்ட தமிழரின் வம்சம் இந்தச் சிட்டிகள். வீட்டில் பேசுவது மலாய், உடுப்பது கெபாயா, கும்பிடுவது மாரியம்மனை.

காஜா பேராங்கில் அவர்களுடைய கம்போங் சிட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. 1822-இல் எழுந்த முத்து மாரியம்மன் கோயிலுக்கு எதிரே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவனை ஒரு பெரியவர் பார்த்தார். என் தமிழ் அவருக்கு எட்டவில்லை. எஸ்டேட் கதை இங்கே செல்லாது. எஸ்டேட் என்ற ஒன்று வருவதற்குச் சில நூறு வருடம் முன்பே வந்துவிட்டவர்கள். நாத்தனார் யாரும் அகப்படப்போவதில்லை.

"சூடா மாக்கான்?" என்றார், சாப்பிட்டாயா என்று. இல்லை என்று தலையாட்டினேன். மீன் குழம்பும் சோறும் வந்தன. சைக்கிளை வெளியே விட்டால் களவு போகும் என்று அவரே தூக்கி உள்ளே வைத்தார். விடுதி தேடப் போகிறேன் என்றதற்குப் பாயை விரித்தார். என் ஊர், தாத்தா, ஜாதகம் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்ட ஒரே கேள்வி சைக்கிளின் விலை. சொன்னேன். அந்தப் பணத்துக்கு நல்ல மோட்டார் சைக்கிளாகவே வாங்கியிருக்கலாமே என்று மலாயில் சொல்லிவிட்டு, எனக்காக வெகு நேரம் வருத்தப்பட்டார்.