ஓசையும் ஓட்டமும்

நம்முடைய தெய்வங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாகனம் உண்டு. முருகனுக்கு மயில், பிள்ளையாருக்கு மூஷிகம், அம்பிகைக்குச் சிங்கம் என்று சிறு வயதிலேயே மனனம் செய்து விடுகிறோம். இக்காலத்து இளைஞனுக்கு வாகனம் எதுவென்று கேட்டால், மலையகத்தின் எந்தச் சந்தியில் நின்றாலும் அதற்கு விடை கிடைக்கும். கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்குத் தெரிந்துவிடுகின்ற வாகனம் அது. மோட்டார் சைக்கிளைத்தான் சொல்கிறேன்.

பெரகல சந்தி அப்படிப்பட்ட இடம். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக ஏறிவரும் பெருவீதி இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கொஸ்லாந்தை வழியாக வெல்லவாய நோக்கி இறங்குகிறது. மற்றது ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் ஏறுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வளைவு. பிற்பகல் ஆகிவிட்டால் மூடுபனி. இந்த வீதியில் நாள்தோறும் போய்வருகிற ஒரு பிள்ளைக்கு நான் பிணைக் கையொப்பம் இட்டேன். அதிலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது.

அவன் என்னிடம் உயர்தரம் பயின்றவன். தாய் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவள். அவனுக்குப் பண்டாரவளையில் ஒரு கடையில் வேலை கிடைத்தது. கடை மூடும் நேரத்திற்குப் பின் தோட்டத்துக்குத் திரும்ப பஸ் இல்லை. எனவே தவணை முறையில் 150 சி.சி. மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்க விரும்பினான். “பிணைக்கு இரண்டு பேர் வேண்டுமாம், சேர்” என்று தயங்கித் தயங்கி வந்து நின்றான். கையொப்பம் இடுவது எளிது. அதன் பாரம் பிறகுதானே தெரியும்!

வண்டி வந்து மூன்று மாதம் சென்றபின் அதை எனக்குக் காட்டக் கொண்டுவந்தான். வாங்கிய வண்டியா அது என்று எனக்கு ஐயமே உண்டாயிற்று. பின்புறத்தில் தொழிற்சாலை பொருத்தியிருந்த நீண்ட சைலன்சர் போய், குட்டையான, பளபளக்கும் குழலொன்று இருந்தது. கண்ணாடிகள் இரண்டும் காணவில்லை. பின்சக்கரத்தில் அளவுக்கு மீறிய அகலமுள்ள பழைய டயர் ஒன்று ஏறியிருந்தது. முன்னால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை விளக்குகள் நான்கு. அவன் இயந்திரத்தை முடுக்கியதும், என் வீட்டு ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

“வேகம் கூடியிருக்கிறதா, தம்பி?” என்று கேட்டேன்.

“கேட்டாலே தெரியவில்லையா, சேர்?” என்றான்.

எனக்குத் தெரியவில்லை. என்னிடம் இருப்பது ஜப்பானியத் தபாற்காரர்களுக்காகச் செய்யப்பட்ட 90 சி.சி. பழைய வண்டி. அதற்கு அலங்காரமும் இல்லை, ஆரவாரமும் இல்லை. ஆயினும் 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியில், மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் என்று அளந்து கொடுத்த நாட்களில், அந்த ஏழை வண்டிதான் என்னைக் கல்லூரிக்கும் வீட்டுக்கும் சுமந்தது. ஆகவே இளைஞர் மோகத்தை நான் சற்று இளப்பமாகவே எண்ணியிருந்தேன். அது என் பிழை என்பதைப் பின்னர் அறிந்தேன்.

ஒரு நாள் என் வண்டி பழுதுபார்க்கப் போயிருந்தது. ஹப்புத்தளையில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற என்னை, “ஏறுங்கள், சேர்” என்று அவன் அழைத்தான். எனக்கென்று ஒரு தலைக்கவசமும் நீட்டினான். சட்டி போன்ற மெல்லிய பொருள். அதன் வாரில் கொக்கி இல்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. பெரகலை நோக்கி இறங்கும்போது மூடுபனி எதிர்கொண்டது. அவன் நான்கு விளக்குகளையும் எரியவிட்டான். பனியிலே பட்ட வெள்ளொளி சிதறித் திரும்பி, எங்கள் முன்னே வெள்ளைச் சுவரொன்றை எழுப்பியது. ஒரு வளைவில் அந்தச் சுவரைப் பிளந்துகொண்டு பஸ் ஒன்று ஏறி வந்தது. அவன் பிரேக்கை அழுத்தினான். பின்சக்கரம் வழுக்கியது. மறுகணம் நாங்கள் இருவரும் தேயிலை மலையோரத்துக் கானுக்குள் கிடந்தோம். என் தலையிலிருந்த சட்டி எங்களுக்கு முன்பாகவே வீதியில் உருண்டோடிற்று.

தெய்வாதீனமாக எனக்கு முழங்காலிலும் அவனுக்கு முழங்கையிலும் சிராய்ப்பு மட்டுமே. இயந்திரம் நின்றுபோயிருந்தது. அத்தனை ஓசைக்குப் பின் வந்த அந்த மௌனத்தை நான் மறக்கமாட்டேன். கானில் ஓடிய நீரின் சலசலப்பு மட்டுமே கேட்டது.

கோபத்தில், “இவ்வளவு பணத்தைக் கொட்டி இந்தக் குழலை ஏன் மாட்டினாய்?” என்று கேட்டேன். அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: “என் தாத்தா சொல்லுவார், சேர். சின்னத்துரையின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மலையில் நிற்கிற எல்லாரும் நிமிர்ந்து பார்க்கவும் பயப்படுவார்களாம். இருந்தவர்கள் எழும்பி நிற்பார்களாம். என் வண்டிச் சத்தத்துக்கு யாரும் எழும்ப வேண்டாம். திரும்பிப் பார்த்தால் போதும்.”

நான் அதற்கு விடை கூறவில்லை. கூறவும் இயலவில்லை. என் தந்தையாரும் அதே ஓசையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கம்பனித் தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாவதற்கு முற்பட்ட காலம் அது. தோட்டப் பாதையில் மோட்டார் சைக்கிளில் வருபவர் துரையாகத்தான் இருப்பார். நடந்து போகிறவர் தொழிலாளியாகத்தான் இருப்பார். ஓசையைக் கேட்டு ஒதுங்கி நின்றவருடைய பேரன், இன்று அதே பாதையில் தானும் ஓர் ஓசையை எழுப்புகிறான். அதை வெறும் திமிர் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை.

துரைமார் காலத்து வண்டிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1885 இல் ஜெர்மனியில் டைம்லர் என்பவர் மரச்சட்டத்தில் பெற்றோல் இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். 1948 இல் இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. கம்பனி ‘பாண்டம்’ என்னும் 125 சி.சி. வண்டியை வெளியிட்டது. அதன் மூலவடிவம், போரில் தோற்ற ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. வண்டி. அதே வடிவத்தைப் பின்பற்றியே 1955 இல் ஜப்பானின் யமஹாவும் தன் முதல் வண்டியைச் செய்தது. அதே 1955 இல், நம் தமிழ்நாட்டுச் சென்னையில் ‘என்ஃபீல்ட் புல்லட்’ உருவாகத் தொடங்கிற்று. பிறந்த இங்கிலாந்தில் அந்தத் தொழில் மங்கிய பின்னும் சென்னையில் அது வாழ்ந்தது. 1958 இல் ஹொண்டா வெளியிட்ட ‘சூப்பர் கப்’ என்னும் சிறு வண்டியோ 2017 ஆம் ஆண்டளவில் பத்துக்கோடியைத் தாண்டி உற்பத்தியாகிவிட்டது. துரையின் வாகனமாயிருந்தது எளியவனின் வாகனமானது இவ்வாறுதான். இன்று இலங்கையில் பதிவாகியுள்ள வாகனங்களுள் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே.

வண்டியை மாற்றியமைக்கும் ஆசையும் நம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. 1950 களிலும் 1960 களிலும் இங்கிலாந்தின் தொழிலாளர் குடும்பத்து வாலிபர்கள், நோர்ட்டன் வண்டியின் சட்டத்தில் ட்ரயம்ப் வண்டியின் இயந்திரத்தைப் பூட்டி, கைப்பிடியைத் தாழ்த்தி, மணிக்கு நூறு மைல் என்னும் இலக்கை நோக்கி ஓட்டினர். தேநீர்க் கடை வாசலே அவர்கள் கூடுமிடம். உழைத்துக் களைத்தவனுக்கு ஒரு மாலை நேரமாவது தானே தனக்குத் துரையாக இருக்க ஆசை!

ஆனால் ஆசையின் நியாயம் வேறு, இயந்திரத்தின் நியாயம் வேறு. மறுவாரம் நாங்கள் இருவரும் ஒரு முதிய கராஜ் பாஸிடம் போனோம். அவர் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துச் சொன்னவை, வகுப்பறையில் நான் சொல்லும் பாடங்களைவிடத் தெளிவாயிருந்தன.

முதலில் சைலன்சர். அது வெறும் வாய்ப்பூட்டு அன்று. இயந்திரத்திலிருந்து துடிப்புத் துடிப்பாய் வெளியேறும் புகையை அடக்கி, சீராக அனுப்பும் கருவி. உள்ளே எரிபொருளும் காற்றும் கலக்கும் அளவைத் திருத்தாமல் குழலை மட்டும் திறந்துவிட்டால், ஓசை பெருகும். குறைந்த சுழற்சியில் இழுவை பல வேளைகளில் குறையும். மலை ஏறுகிறவனுக்கு வேண்டியதோ அந்தக் குறைந்த சுழற்சியின் இழுவைதான். “காதுதான் வேகமாய்ப் போகிறது, வண்டி போகவில்லை” என்றார் பாஸ்.

இன்னொன்றும் உண்டு. ஹப்புத்தளை கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தால் எரிப்பும் குறையும், வலுவும் குறையும். மலை எடுத்துக்கொண்டதைக் குழல் திருப்பித் தராது. இழுவை வேண்டுமானால் மலிவான வழியொன்று உண்டு: முன் பற்சக்கரத்தில் ஒரு பல் குறைப்பது. 15 பற்களுக்குப் பதில் 14 இருந்தால், உச்ச வேகம் சிறிது இறங்கும்; ஏற்றத்தில் இழுவை ஏறக்குறைய 7 வீதம் கூடும். அதற்கு ஓசை கிடையாது. ஆகவே அதை யாரும் விரும்புவதுமில்லை.

அடுத்தது டயர். குறுகிய வளையத்தில் அகன்ற டயரை ஏற்றினால் அதன் வடிவம் நெரிந்துவிடும். வளைவில் வண்டி சாயும் இயல்பே மாறிவிடும். போதாக்குறைக்கு இது தேய்ந்த டயர். பின்பு பிரேக். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். “எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு” என்பது மலைவீதியின் பழைய விதி. வேகம் இரு மடங்கானால் நிறுத்தத் தேவையான தூரம் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகும். இதை நான் பலமுறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். கானில் விழுந்த அன்றுதான் அதன் பொருள் எனக்கே விளங்கிற்று.

வீட்டுக்கு வந்தபின் உருண்டோடிய அந்தச் சட்டி என் நினைவை விட்டு அகலவில்லை. ‘அராபியாவின் லோரன்ஸ்’ என்று புகழ்பெற்ற டி.ஈ. லோரன்ஸ் பாலைவனப் போரில் சாகவில்லை. 1935 ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தின் ஒரு கிராமத்து வீதியில், சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள்மேல் மோதாமலிருக்க விலகியபோது, தன் விலையுயர்ந்த ‘ப்ரௌ சுப்பீரியர்’ வண்டியிலிருந்து வீழ்ந்து, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். தலையில் கவசம் இல்லை. அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெயின்ஸ். அந்த மரணம் அவர் மனத்தை உறுத்தியது. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941 இல் கட்டுரை வெளியிட்டார்; அதே ஆண்டில் பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்குக் கவசத்தைக் கட்டாயமாக்கிற்று. லோரன்ஸுக்கு அப்போது வயது 46. எனக்கும் இப்போது அதே வயது.

நம் அயலிலும் படிப்பினை இல்லாமலில்லை. 2024 ஏப்ரல் 21 ஆம் தேதி தியத்தலாவை ‘ஃபொக்ஸ் ஹில்’ பந்தயத்தில் கார் ஒன்று தடம் விலகிப் பார்வையாளர் நடுவே பாய்ந்ததில் ஏழு பேர் மாண்டனர். பந்தயத்துக்கென்று அமைத்த திடலிலேயே இப்படி நேருமானால், ஒரு பக்கம் மலையும் மறுபக்கம் பள்ளமுமான வீதி எம்மாத்திரம்?

இவற்றையெல்லாம் அவனிடம் பிரசங்கமாகச் சொல்லவில்லை. “அந்தக் குழலை விற்றால் என்ன கிடைக்கும்?” என்று மட்டும் கேட்டேன். அவன் விற்றான். வந்த பணத்தோடு என் பங்காகவும் சிறிது சேர்த்து, சரியான அளவில் புதிய டயர், பிரேக் கட்டைகள், இரண்டு கண்ணாடிகள், கொக்கியுள்ள நல்ல தலைக்கவசங்கள் இரண்டு ஆகியவற்றை வாங்கினோம். பனிக்காலத்துக்கு மஞ்சள் விளக்கு ஒன்றைத் தாழ்வாகப் பொருத்தினார் பாஸ். பழைய சைலன்சர் லயத்து வாசலில் கோழிக்கூட்டின் பின்னால் கிடந்தது. அதுவும் தன் இடத்துக்குத் திரும்பிற்று.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று நான் நிறைவடைந்திருந்தேன். சில வாரங்களுக்குப் பின் கோயில் திருவிழாவில் அவன் தாயைக் கண்டேன். நன்றி கூறுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வேறொன்று சொன்னாள்.

“நல்லதுதான் ஐயா. ஆனா முந்தியெல்லாம் பெரகல வளைவு திரும்புறப்பவே சத்தம் கேட்கும். பிள்ளை வந்துட்டான்னு அடுப்பிலே தண்ணி வைப்பேன். இப்ப ஒண்ணும் கேட்கிறதில்லே. வாசலுக்கு வர்ற வரைக்கும் நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருக்கு.”

எனக்குச் சுருக்கென்றது. ஊரார் சபித்த அந்த இரைச்சல், ஒருத்திக்கு மட்டும் மகன் உயிரோடு திரும்புகிறான் என்னும் செய்தியாக இருந்திருக்கிறது. நானும் பாஸும் போட்ட கணக்கில் அது சேரவே இல்லை.

அவனிடம் இதைச் சொன்னேன். அவன் சிரித்தான், ஒன்றும் பேசவில்லை. இப்போது இரவு அந்த வளைவு திரும்பியதும், ஒரே ஒரு முறை, மிகச் சுருக்கமாக ஹோர்ன் அடிக்கிறானாம். லயத்தில் எவருடைய தூக்கமும் கலைவதில்லை. ஓர் அடுப்பில் மட்டும் தண்ணீர் ஏறுகிறது.