நந்தினிக்கு எந்தக் கட்டம்?

'பொன்னியின் செல்வ'னில் மொத்தம் எத்தனை பாத்திரங்கள், சொல்லுங்கள் பார்க்கலாம்? ஐந்து பாகத்தையும் நாலு தடவை படித்தவர்கள்கூட விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, குடந்தை ஜோதிடரிடம் வந்ததும் திணறுவார்கள். பூங்குழலியும் குந்தவையும் எத்தனை அத்தியாயங்களில் நேருக்கு நேர் சந்திக்கிறார்கள் என்று கேட்டால் வீட்டில் சண்டையே வரும்.

வேலையத்த கேள்வி என்று நினைக்காதீர்கள். கம்ப்யூட்டர் துறையின் பெரிய தலைகளில் ஒருவரான டொனால்ட் க்னூத், இந்த வேலையை மெனக்கெட்டுச் செய்திருக்கிறார். விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசராப்ள்' நாவலை எடுத்துக்கொண்டு, அத்தியாயம் அத்தியாயமாக யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்று பட்டியல் போட்டார். 77 பேர், அவர்களுக்கிடையே 254 தொடர்புகள். 'அன்னா கரீனினா', 'டேவிட் காப்பர்ஃபீல்ட்', 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவல்களுக்கும் இதே மரியாதை. 1993-ல் இதையெல்லாம் பொதுவில் வைத்துவிட்டார். அன்றிலிருந்து உலகெங்கும் கல்லூரிப் பிள்ளைகள் ழான் வல்ழானை ஒரு புள்ளியாகவும், அவனைத் துரத்தும் போலீஸ்காரரை இன்னொரு புள்ளியாகவும் வைத்துக் கோடு இழுத்துப் பழகுகிறார்கள்.

நமக்கும் இது முடியும். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய நாவல் இப்போது அரசுடைமை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் புண்ணியத்தில் முழு நாவலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும்.

அந்தத் தைரியத்தில் நானும் ஒரு அட்டவணை போட்டேன். முதல் கட்டம் பெயர், தகராறில்லை. இரண்டாவது கட்டத்துக்கு 'நிஜமா, கற்பனையா?' என்று தலைப்பு வைத்ததும் வேலை நின்றுவிட்டது. ழான் வல்ழான் கற்பனை என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. நம் கதையில் பாதிப்பேருக்குக் கல்வெட்டு இருக்கிறதே!

இந்தக் கட்டத்தை நிரப்ப நூலகத்துக்குப் போகலாம். திருச்சியில் பஸ் ஏறிச் சிதம்பரம் ரோட்டிலும் போகலாம். லால்குடி, கல்லக்குடி தாண்டினால் கீழப்பழுவூர். பழுவேட்டரையர்களின் ஊர். இது எந்த மாவட்டம் என்று கேட்டால், எந்த வருஷம் என்று திருப்பிக் கேட்கவேண்டும். 1995-ல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. அடுத்த வருஷமே திரும்பச் சேர்ந்தது. 2007-ல் மறுபடி பிரிந்தது. உயிரோடிருக்கும் ஊருக்கே தேதி போடாமல் தகவல் எழுத முடியவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய மனிதர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

பக்கத்தில் கீழையூரில் பழுவேட்டரையர்கள் எழுப்பிய இரட்டைக் கோயில் இருக்கிறது. நான் போனபோது அங்கே ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "சினிமா வந்ததுலேருந்து கார் போட்டுக்கிட்டு நிறையப் பேரு வர்றாங்க சார். நந்தினி அரண்மனை எங்கன்னு கேக்குறாங்க. அந்தம்மா கதையில வர்றவங்கன்னு சொன்னா மூஞ்சி தொங்கிப்போவுது" என்றார். பிறகு சுவரைக் காட்டி, "இதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தரும் கேக்கலை" என்றார்.

எழுதியிருப்பது கொஞ்சநஞ்சமில்லை. பழுவூர்க் கோயில்களின் கல்வெட்டுகளில் குமரன் கண்டன், குமரன் மறவன், கண்டன் மறவன் என்று பல தலைமுறைப் பழுவேட்டரையர்கள் வருகிறார்கள். அன்பில் செப்பேட்டைப் பார்த்தால், பராந்தகச் சோழன் மணந்தது ஒரு பழுவேட்டரையரின் மகளை. அவள் பேரன்தான் சுந்தர சோழன். ஆக, கதையில் சதி செய்யும் அந்தக் குடும்பம், நிஜத்தில் ராஜாவுக்குப் பாட்டி வீடு!

இதே ரோட்டில் ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம் தாண்டினால் காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடிக் கல்வெட்டில், ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளில் ஒருவனாக ரவிதாசன் பெயர் இருக்கிறது. வந்தியத்தேவருக்கு, குந்தவையின் கணவர் என்று தஞ்சைப் பெரிய கோயில் சாட்சி. ஆழ்வார்க்கடியானும் பூங்குழலியும் நந்தினியும் கல்கி பெற்ற பிள்ளைகள்.

இதைக் கலந்துவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? யோசித்துப் பாருங்கள். நாம் பொதுவில் போடும் பட்டியலை நாளைக்கு ஒரு பையன் வீட்டுப்பாடத்துக்கு எடுப்பான். இன்று கேள்விக்கு ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லும் கம்ப்யூட்டரும் அதைத்தான் படிக்கிறது. 'பெரிய பழுவேட்டரையர், மனைவி நந்தினி' என்று ஒரு வரி போதும். அது நாலு இடத்தில் பிரதியானதும் சரித்திரமாகிவிடும்.

மறுபக்கம், கீழப்பழுவூர் ஆலந்துறையார் கோயிலில் பரதூர் நக்கன் சாத்தன் என்று ஒருவன் இருக்கிறான். வேளூரில் பாண்டியனும் ஈழத்தரசனும் சேர்ந்து வந்தபோது, பராந்தகனுக்காகப் போரிட்டு வென்ற பழுவேட்டரையன் கண்டன் அமுதனின் பெயரால் கோயிலுக்குக் கொடை கொடுத்தவன். நிஜமாக வாழ்ந்தவன். அவனைத் தேடி யாரும் கார் போட்டு வருவதில்லை.

கல்கி மேல் குற்றமில்லை. நாவல் எழுதுகிறேன் என்று சொல்லித்தான் எழுதினார். அவர் இல்லாவிட்டால் நம்மில் பலருக்குப் பழுவூர் என்ற பெயரே தெரிந்திருக்காது. அட்டவணை போடுகிறவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்.

என் அட்டவணையில் 'நிஜமா, கற்பனையா' கட்டத்தை அடித்துவிட்டு மூன்று கட்டம் போட்டிருக்கிறேன். கதையில் யார்? கல்லில் அல்லது செப்பேட்டில் யார்? அது எந்த ஊர், யாருடைய எத்தனையாவது ஆட்சியாண்டு? மூன்றாவது காலியாக இருந்தால் இரண்டாவதும் காலியாகவே இருக்கவேண்டும். நந்தினிக்கு முதல் கட்டம் மட்டும்தான். அதில் அவள் மகாராணி மாதிரி இருக்கட்டும்.

அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் வாத்தியாராக இருக்கிறீர்களா? ஒரு பிள்ளைக்குப் பத்து அத்தியாயம் என்று பிரித்துக் கொடுங்கள். யார் யாரைச் சந்திக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வரட்டும். ஒரு சனிக்கிழமை அவர்களைப் பழுவூருக்குக் கூட்டிப்போங்கள். நக்கன் சாத்தனுக்கும் ஒரு வரி ஒதுக்கச் சொல்லுங்கள். அவனுக்கு முதல் கட்டம் காலி. மற்ற இரண்டும் நிரம்பியிருக்கும்.