எல் கேப்பிட்டனுக்கு மழை நாளில் போங்கள்

கலிபோர்னியாவின் வவோனா சுரங்கப்பாதை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம். அந்த இருட்டைத் தாண்டி கார் வெளியே வந்ததும் யோசெமிட்டி பள்ளத்தாக்கு மொத்தமும் எதிரே விரிகிறது. இடது பக்கம் எல் கேப்பிட்டன்: அடிவாரத்திலிருந்து 900 மீட்டர் செங்குத்தாக எழும் வெளிர்சாம்பல் கிரானைட் பாறை. வலது பக்கம் பிரைடல்வெயில் அருவி, தொலைவில் ஹாஃப் டோம் பாறை. 1933-இல் சுரங்கம் திறந்த நாள் முதல், ‘டனல் வியூ’ என்ற இந்த இடத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காமல் போகிறவர்கள் குறைவு.

தேறும் படங்கள் அதைவிடக் குறைவு.

இந்த இடம் கிழக்கு பார்த்தது. காலையில் சூரியன் எதிரே நின்று கண்ணைக் கூசவைக்கும். உச்சிவெயிலிலோ பாறையின் விரிசலும் மடிப்பும் மறைந்து, அது சுண்ணாம்பு அடித்த மதில்போல் வெளுத்துவிடும். சான் பிரான்சிஸ்கோ பக்கத்திலிருந்து விடிந்ததும் கிளம்பி நாலு மணி நேரம் காரோட்டி வரும் நம்மூர்க்காரர்கள் வந்து இறங்குவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். மேற்கு வெயில் பாறைமேல் விழத் தொடங்கும்போது அவர்கள் திரும்பிப் போய்க்கொண்டிருப்பார்கள்.

புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் மாமனார் இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஸ்டூடியோ நடத்தியவர். 1937-இல் ஆடம்ஸ் குடும்பமும் இங்கே குடிவந்தது. குளிர்காலப் புயல் ஒன்றில், மழை பனியாக மாறி, மேகம் பிரியத் தொடங்கிய வேளையில் அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் உலகப் புகழ் பெற்றது. அதில் எல் கேப்பிட்டன் பாதி மேகத்துக்குள் இருக்கிறது. மறைந்த பாதிதான் அதன் உயரத்தைக் காட்டுகிறது. தேதிகளை ஒழுங்காகக் குறித்துவைக்கும் பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை. ஹாஃப் டோமையும் நிலவையும் சேர்த்து அவர் எடுத்த இன்னொரு படத்தின் நேரத்தை, நிலவின் இடத்தையும் நிழல்களையும் வைத்து வானியலாளர் டொனால்ட் ஓல்சன் குழுவினர் பிற்பாடு கணக்கிட்டார்கள்: 1960 டிசம்பர் 28, மாலை 4.14.

இன்றைய கூட்டம் வருவது வேறொன்றுக்கு. பிப்ரவரியின் பிற்பாதியில், சூரியன் மறையும் கோணம் சரியாக அமைந்தால், எல் கேப்பிட்டனின் கிழக்கு ஓரத்தில் விழும் ஹார்ஸ்டெயில் அருவி சில நிமிடங்கள் நெருப்பாக ஒளிரும். 1973-இல் கேலன் ரோவெல் எடுத்த வண்ணப்படம் அதைப் பிரபலமாக்கியது. அக்டோபரிலும் சூரியன் அதே கோணத்துக்கு வரும்; ஆனால் அப்போது அருவியில் தண்ணீர் இருக்காது. பிப்ரவரியிலும் மேலே பனி உருக வேண்டும், மேற்கு வானத்தில் மேகம் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் முக்காலியை மடித்துக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். கூட்டம் மிதித்து, பள்ளத்தாக்கில் ஓடும் மெர்செட் ஆற்றின் கரை சிதைந்ததால், யோசெமிட்டி பூங்கா நிர்வாகம் அந்தப் பருவத்தில் வண்டி நிறுத்தக் கட்டுப்பாடு விதிக்கிறது.

அத்தனை பேரும் ஒரே கோணத்தில் ஒரே படத்தை எடுத்துப் போவதில் பெரிய ருசி இல்லை. புயல் ஓயும் நேரம் அப்படியல்ல. மேகம் ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் மூடும். ஒரு நிமிடத்துக்கு முன் எடுத்த படமும் இப்போது எடுப்பதும் ஒன்றாக இராது.

எனவே வானிலை அறிக்கையில் மழை என்று கண்டதும் அறையை ரத்து செய்துவிடாதீர்கள். குளிர்காலமானால் டயர் சங்கிலியைக் காரில் போட்டுக்கொள்ளுங்கள், லென்ஸ் துடைக்க இரண்டு துணி கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், சாலை திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.