எண்ணிப் பார்த்ததால் கிடைத்த படம்



சென்ற வாரம் நம் சத்துணவு ஆயாவின் மகள் வீட்டுக்கு வந்தாள். ஆயா காலமாகி மூன்று மாதம் ஆகிறது. "டீச்சர், அம்மா போட்டோ ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல" என்றாள். உங்களுக்குத்தான் தெரியுமே, கேமராவைக் கண்டாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். ஒரே ஒரு ஆண்டுவிழாவில் மட்டும் சிரித்தபடி மாட்டிக்கொண்டார். அந்தப் படம் என் பழைய லினக்ஸ் கணினியில் இருந்தது.

பேரன், "பாட்டி, எல்லாத்தையும் புது லேப்டாப்புக்கு மாத்திட்டு பழசை ஃபார்மட் பண்ணிடலாம்" என்றான். அது விண்டோஸ் லேப்டாப். பழைய கணினியை அது கண்டுகொள்ளவே இல்லை. கணினித் துறையில் இருக்கும் பழைய மாணவன் ஒருவனுக்குப் போன் போட்டேன்.

"டீச்சர், ரெண்டும் வேற வேற மொழி. விண்டோஸ் பேசுறது எஸ்எம்பி. லினக்ஸுக்கு அதைக் கத்துக்கொடுக்கிறது சம்பாங்கிற மென்பொருள்" என்றான். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவர் 1991-92 வாக்கில் அதைத் தொடங்கினாராம். கம்பியில் போய்வரும் தகவல்களைக் கவனித்துக் கவனித்தே அந்த மொழியைப் பிடித்திருக்கிறார். குழந்தை பேச்சுப் பழகுவதும் அப்படித்தானே!

என் கணினியில் இருந்த பழைய சம்பா, எஸ்எம்பியின் முதல் பதிப்பை மட்டும் பேசியது. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் அந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 முதல் அது இயல்பாகவே நிறுத்தப்பட்டுவிட்டது. "அதைத் திரும்பத் திறக்காதீங்க டீச்சர்" என்று சொல்லி, சம்பாவின் அமைப்புக் கோப்பில் இரண்டாம் பதிப்பைப் பேசும்படி ஒரு வரி சேர்க்கச் சொன்னான். கதவு திறந்தது.

சில கோப்புகளின் பெயர் மட்டும் புரியாத எழுத்துகளாக, நடுவில் ஒரு நெளிகோட்டோடு தெரிந்தது. வைரஸோ என்று பயந்தேன். நான் பெயரில் மணி 10:30 என்று முக்காற்புள்ளி வைத்திருந்தேன். லினக்ஸ் அதை ஏற்கும், விண்டோஸ் ஏற்காது. அதனால் சம்பா வேறு பெயர் சூட்டி அனுப்பியிருக்கிறது. உள்ளே படம் பத்திரமாக இருந்தது.

நகல் எடுக்கும்போது, "இதே பெயரில் கோப்பு உள்ளது, மாற்றவா?" என்று கேட்டது. யோசிக்காமல் ஆம் என்று அழுத்திவிட்டேன். முடிந்ததும் பேரன் ஃபார்மட் செய்யக் கிளம்பினான். "இருடா, வருகைப்பதிவு எடுத்துக்கிறேன்" என்றேன். முப்பது வருஷப் பழக்கம், விடுமா? அங்கே 412, இங்கே 411. ஒரு பிள்ளை வரவில்லை!

தேடினேன். விழாப் படங்கள் இரண்டுக்கு ஆங்கிலத்தில் ஒரே பெயர் வைத்திருந்தேன். ஒன்றின் முதல் எழுத்து பெரியது, மற்றதில் சிறியது. லினக்ஸுக்கு அவை இரண்டு பேர். விண்டோஸுக்கு ஒருவரே. பின்னால் வந்தது முன்னால் வந்ததை அழித்துவிட்டது. அழிந்தது ஆயாவின் படம்.

பழைய கணினி அப்படியே இருந்ததால் பெயரை மாற்றி மறுபடி எடுத்தேன். பிரிண்ட் போட்டுக் கொடுத்தபோது மகள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பிள்ளைகளே, எதை இடம் மாற்றினாலும் எண்ணிப் பாருங்கள், திறந்தும் பாருங்கள். அதன் பிறகே பழையதை அழியுங்கள். ஆயா படத்தைக் கீழே போட்டிருக்கிறேன். அவர் கையால் சாப்பிட்டவர்கள் நாலு வார்த்தை எழுதுங்கள், மகளிடம் காட்டுகிறேன்.

எல்லோரும் நலமாக இருங்கள்.