ரீப்பரும் காற்றும்

மதுரையில் ஒரு பிளெக்ஸ் கடைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது அச்சு மிஷின்தான். பத்தடி அகலத்துக்கு முகங்களை வரி வரியாக அச்சிட்டுத் தள்ளிக்கொண்டிருக்கும். நான் பார்க்கப் போனது அதற்குப் பின்னால், தகரக் கூரை போட்ட பட்டறையை. அச்சான பிளெக்ஸை மரச் சட்டத்தில் இழுத்து அடிக்கும் வேலை அங்கே நடக்கிறது. பேனர் தெருவில் நிற்குமா, சாயுமா என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

சட்டத்துக்கு மரம் எடுப்பதே தனி வேலை. ரீப்பர் கட்டைகள் சுவரோரம் குவிந்து கிடக்கின்றன. பெரும்பாலானவை ஏற்கெனவே பல பேனர்களுக்கு உழைத்தவை. மூத்த தொழிலாளி ஒவ்வொரு கட்டையையும் ஒரு முனையில் பிடித்து, காலால் நடுவில் மிதித்து வளைத்துப் பார்க்கிறார். பழைய ஆணித் துளைகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் விரலால் தடவுகிறார். “ஒடஞ்சா இந்த எடத்துலதான் தம்பி ஒடையும்” என்று சொல்லி, தேறாததை விறகுப் பக்கம் போடுகிறார்.

நான்கு மூலைகளிலும் கட்டையின் பாதிக் கனத்தைச் செதுக்கி ஒன்றோடொன்று படியவைத்து ஆணி அடிக்கிறார்கள். பிறகு மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளக்கிறார்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் சட்டம் சதுரித்திருக்கிறது என்று அர்த்தம். நடுவில் நெட்டுக்கும் குறுக்குக்கும் தாங்கு கட்டைகள் வருகின்றன.

பிளெக்ஸை எடுத்ததும் அடித்துவிடுவதில்லை. அது இரு புறமும் பிவிசி பூசிய பாலியஸ்டர் துணி. சூட்டில் இளகும், குளிரில் இறுகும். காலைக் குளிர்ச்சியில் இறுக்கி அடித்தால் உச்சி வெயிலில் தொய்ந்துவிடும். அதனால் சற்று நேரம் வெயிலில் விரித்துப்போட்டு, இளகியதும் படத்தைக் கீழ்நோக்கிக் கிடத்தி, அதன் மேல் சட்டத்தை வைக்கிறார்கள். முதல் ஆணி ஒரு பக்கத்தின் நடுவில், அடுத்தது அதற்கு எதிர்ப்பக்கத்தின் நடுவில். அங்கிருந்து மூலைகளை நோக்கி மாறி மாறி நகர்கிறார்கள். “ஓரத்துல ஆரம்பிச்சா மொகம் கோணிக்கிரும்ணே” என்றார் அங்கிருந்த இளைய தொழிலாளி. இடது கையால் இழுத்துப் பிடித்து, வலது கையால் சுத்தியல் போடுகிறார். அடுத்த ஆணி உதட்டில் காத்திருக்கிறது. ஆணித் தலை பிளெக்ஸைக் கிழிக்காமல் இருக்க, பழைய பிளெக்ஸை மடித்து ஒரு துண்டு வைத்து அதன் மேல் அடிக்கிறார். மூலைக்கு வரும்போது உபரியை உறை மடிப்பதுபோல் மடித்து, கனம் ஒரே பக்கம் சேராமல் பார்த்துக்கொள்கிறார்.

காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம், கட்சிக் கூட்டம் என்று எல்லாம் இந்தத் தரையில் கிடக்கின்றன. கண்ணீர் அஞ்சலி பேனர் மட்டும் காத்திருக்காது. உடல் எடுப்பதற்குள் வேண்டும் என்பதால் மை காயுமுன்னே வந்துவிடுகிறது. அப்போது சால்வென்ட் நெடி கண்ணைக் கரிக்கிறது. முகமூடி அணிந்து வேலை செய்யும் யாரையும் நான் அங்கே பார்க்கவில்லை. இந்தக் குறையை முதலில் தீர்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் இதே சட்டத்தில் துணி இறுக்கப்பட்டு, அதன் மேல் ஓவியர்கள் சினிமா நடிகர்களையும் தலைவர்களையும் வரைந்தார்கள். 2000-க்குப் பிறகு டிஜிட்டல் அச்சு பரவியதும் தூரிகை பிடித்தவர்கள் வேலை இழந்தார்கள். சட்டம் அடிப்பவர்களின் தேவை தீரவில்லை.

ஆனால் அவர்களுக்குக் கிடைக்கும் மதிப்பு குறைவு. பேரம் பேசுகிறவர் படத்தில் கை வைப்பதில்லை. மரத்தில்தான் குறைக்கச் சொல்கிறார். தாங்கு கட்டை ஒன்று போதும் என்கிறார். இங்கேதான் காற்றின் கணக்கைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்துக்கு எட்டு அடி பேனரின் பரப்பு 80 சதுர அடி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று நேராக மோதினால் 125 கிலோவுக்குக் குறையாத பாரம் அதன் மேல் விழும். காற்றின் வேகம் இரட்டித்தால் பாரம் நான்கு மடங்காகும். பிளெக்ஸில் ஆங்காங்கே சின்னக் கீறல் போட்டுவிடுவதால் இந்தப் பாரம் பெரிதாகக் குறைவதில்லை. மொத்தப் பாரத்தையும் ரீப்பரும், அதைக் கட்டிய சவுக்குக் கம்பும், கம்பு ஊன்றிய குழியும்தான் தாங்கியாக வேண்டும்.

2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், சாலை நடுவே அனுமதியின்றி வைத்த கல்யாணப் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் கீழே விழுந்தார். பின்னால் வந்த லாரி ஏறி உயிரிழந்தார். சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. பேனர் வைக்க வேண்டாமென்று கட்சித் தலைவர்களும் தொண்டர்களுக்குச் சொன்னார்கள். பேனர்கள் ஓயவில்லை.

சாலையோரத்தில் பேனர் வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. மண்டப வளாகத்துக்குள் அனுமதியோடு வைப்பவர்களும் பட்டறையில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். எந்தக் கட்டை போடுகிறீர்கள், தாங்கு எத்தனை, எவ்வளவு ஆழம் குழி எடுப்பீர்கள் என்று கேட்க வேண்டும். சட்டம் அடிப்பவர் கேட்கும் மரத்துக்கான காசைக் கொடுக்க வேண்டும். விழா முடிந்த அன்றே கழற்றும் கூலியையும் முன்பணத்தோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும். மறந்துபோய் நிற்கும் பேனர்தான் அடுத்த மழைக்காற்றில் விழுகிறது.