கோட்டில் இல்லாத விலை



சென்ற மாதம் சம்பளத்துக்கு மறுநாள், பட்டணத்துப் பேரங்காடி ஒன்றில் எங்கள் தோட்டத்து அக்காள் ஒருவர் பில்லைப் பார்த்தபடி தயங்கி நின்றார். அவர் மகன் என்னிடம் நான்காம் ஆண்டு படிக்கிறான்.

"பால்மாவு டின்னு 18 வெள்ளி 90 காசுன்னு தட்டுல ஒட்டியிருந்துச்சு டீச்சர். பில்லுல 20 வெள்ளி 50 காசு. ஆனா மிஷின் கோட்டைப் பார்த்துத்தானே சொல்லுது? அது எப்படிப் பொய் சொல்லும்?"

அந்தக் கறுப்புக் கோடுகளில் விலையே கிடையாது. இருப்பது ஓர் எண் மட்டும். மலேசியாவில் பதிவான எண் என்றால் 955 என்று தொடங்கும். கருவி எண்ணைப் படிக்கும். விலையைக் கடைக் கணினி சொல்லும். அதில் விலையைத் தட்டி வைத்தவர் நம்மைப் போல ஒரு மனிதர்தான்!

1948-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், மளிகைக்கடைக்காரர் ஒருவர் கல்லாவில் கணக்கை விரைவாக முடிக்க வழி கேட்டு ஒரு கல்லூரிக்கு வந்தார். அது பெர்னார்ட் சில்வர் என்பவர் காதில் விழுந்தது. அவர் நண்பர் நார்மன் உட்லண்ட், மயாமி கடற்கரை மணலில் தந்திப் புள்ளிகளையும் கோடுகளையும் விரலால் கீழே இழுத்துப் பார்த்தாராம். பிறந்தது யோசனை! 1952-இல் காப்புரிமை கிடைத்தது. ஆனால், கடைக்கு வர லேசர் ஒளியும் கணினியும் வேண்டியிருந்தன. 1974 ஜூன் 26-ஆம் நாள், ஓஹாயோ மாநிலத்து டிராய் ஊரில், 67 காசு சூயிங்கம் பொட்டலம்தான் முதலில் கல்லாவைக் கடந்தது.

கடைசி இலக்கம் ஒரு காவல்காரன். பதின்மூன்று இலக்கங்களில் இரட்டை இடத்தில் உள்ளவற்றை மட்டும் மூன்றால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். விடை பூச்சியத்தில் முடியும். என் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இது விளையாட்டு. கருவி தப்பாகப் படித்தால் இந்தக் காவல்காரன் பிடித்துவிடுவான். விலை தப்பானால் அவனுக்குத் தெரியாது.

என் சிறுவயதில் தோட்டத்துக் கடையில் 555 புத்தகத்தில்தான் பற்று. ஒரு தடவை இரண்டு சார்டின் டின் மூன்றாகியிருந்தது. நான் வாயைத் திறந்ததும் அம்மா என் கையைக் கிள்ளினார். அடுத்த வாரமும் கடனுக்கு அரிசி வேண்டுமே!

அக்காளைக் கல்லாவுக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்த பெண் தட்டைப் பார்த்துவிட்டு வந்து, 1 வெள்ளி 60 காசைத் திருப்பிக் கொடுத்தாள். பஸ் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்காள் பில்லை என்னிடம் நீட்டினார்.

"மத்ததையும் ஒருதரம் பாருங்க டீச்சர்."

பதினொரு சாமான். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.